அம்மாவுக்கு வாயாக இருந்த மழைக்காலம்

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கோயில் மண்டபத்தில் உட்காரும்போது நீங்கள் எல்லோரும் பழைய கதை பேசுவீர்கள். நான் ஓரமாக உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பேன். "இந்த அம்மாவுக்குப் பேசினா காசு கொடுக்கணும் போல" என்று உங்களில் ஒருவர் கேலி செய்தது கூட எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பேசச் சொன்னால் எனக்கு வராது. அதனால் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். யாராவது கண் நன்றாகத் தெரிகிறவர்கள் வாசியுங்கள். நான் நான்காம் வகுப்போடு நின்றவள். தமிழ் எழுத்து சாயங்காலத்தில் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பிழை இருந்தால் சரிசெய்து வாசித்துவிடுங்கள், என்னைக் கேட்க வேண்டாம்.

எழுதத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. ரங்கூன் தின்கன்ஜூனில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் மேல்மாடியில் ஒரு பெண் கொரியா பாஷை சொல்லிக்கொடுக்கிறாள். வேலைக்கு வெளிநாடு போக நினைக்கிற பிள்ளைகள் காலையும் மாலையும் படியேறிப் போகிறார்கள். போன வாரம் அதில் ஒரு பர்மாக்காரப் பெண் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து கையிலிருந்த தாளைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளுக்குப் பேச்சுத் தேர்வாம். "அப்வா, இதைப் பார்த்து என்னைக் கேள்வி கேளுங்களேன்" என்று, பாட்டி முறை வைத்துக் கூப்பிட்டுத் தாளை நீட்டினாள். கேள்விகள் பர்மாவிலும் எழுதியிருந்தன. இரண்டாவது கேள்வி: உங்களுக்கு எந்தக் காலம் பிடிக்கும்? ஏன்?

நான் அதைக் கேட்டேன். அந்தப் பெண் ஏதோ சொன்னாள், எனக்குப் புரியாத பாஷையில். சரியாகச் சொன்னாளா என்று எனக்கு எப்படித் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியை ஒருமுறை என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்போது நாங்கள் தாமுவேயில் இருந்தோம். மரவீடு, தகரக் கூரை. மழை பிடித்தால் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. அப்பா வேலைக்கு வேண்டிய பர்மா பேசுவார். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அம்மா பிறந்து வளர்ந்தது ஆற்றுப்பக்கத்து நெல்வயல் ஊரில். சுற்றிலும் நம் ஆட்களாகவே இருந்த ஊர். அங்கே அவளுக்கு வேறு பாஷை தேவைப்படவில்லை. கல்யாணமாகி ரங்கூனுக்கு வந்த பிறகுதான் தேவைப்பட்டது. அதற்குள் நான் பிறந்து, தெருப் பிள்ளைகளோடு விளையாடி, பர்மா பேச ஆரம்பித்துவிட்டேன். அம்மா அதோடு நிறுத்திக்கொண்டாள். அவள் கற்றுக்கொள்ள வேண்டியதை நான் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று அவள் கணக்கு.

ஆறு வயதிலிருந்து நான்தான் அம்மாவுக்கு வாய். யாராவது பர்மாவில் பேசினால் அம்மா பக்கம் திரும்பித் தமிழில் சொல்வேன். அம்மா பதில் சொல்லும்வரை காத்திருப்பேன். பிறகு இந்தப் பக்கம் திரும்பி அதைப் பர்மாவில் சொல்வேன். கழுத்துக்குத்தான் அதிக வேலை. அம்மா இதில் மிகவும் கண்டிப்பு. "நீ ஒண்ணும் சேக்க வேணாம், ஒண்ணும் முழுங்க வேணாம். நான் சொல்றதை அப்படியே அவங்க காதுல போடு" என்பாள்.

ஒருமுறை வீட்டுக்காரம்மா வந்து, நாங்கள் கஞ்சித்தண்ணீரை வாசலில் ஊற்றுகிறோம் என்று சத்தம் போட்டார். அவர் பர்மாக்காரர், பெரிய உடம்பு. அம்மா கோபத்தில், "வாசப்படி உளுத்துப்போயி மாசம் ஆறாச்சு, அதை மாத்த வக்கில்ல, கஞ்சித்தண்ணியப் பேச வந்துட்டாளான்னு கேளு" என்றாள். எனக்குப் பயம். "இனிமேல் ஊற்ற மாட்டோம்" என்று பர்மாவில் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரம்மா முகம் குளிர்ந்து போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் அம்மா என் காதைத் திருகினாள்.

"நான் சொன்னதைச் சொன்னியாடி?"

"சொன்னேம்மா."

"நான் கேட்ட கேள்விக்கு அவ சிரிச்சுக்கிட்டா போவா?"

பாஷை தெரியாதவள் என்று யாரும் அம்மாவை ஏமாற்ற முடியாது. அவள் முகத்தைப் படித்துவிடுவாள். அதற்குப் பிறகு நான் எதையும் மாற்றவில்லை. வசவு என்றால் வசவு, கும்பிடு என்றால் கும்பிடு.

அப்படியே சொல்வது என்றால் எப்படி என்று உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், சிரிப்பீர்கள். பக்கத்து வீட்டு அத்தைக்கு இடுப்பு வலி. அரசாங்க மருந்துக்கூடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவும் துணைக்கு வந்தாள். கம்பவுண்டர் மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட பர்மாக்காரர். என்ன உபாதை என்று கேட்டார். நான் அத்தையிடம் திரும்பிக் கேட்டேன். அத்தை சொன்னார். நான் இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னேன்:

"எனக்கு நாலு பிள்ளை. நாலாவதைப் பெற்றதிலிருந்து குனிய முடியவில்லை."

கம்பவுண்டர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "உனக்கா?"

நான் அத்தையிடம் திரும்பினேன். "உனக்கான்னு கேக்குறாரு."

அத்தைக்கு எரிச்சல். "பின்ன, அவரு பொண்டாட்டிக்கா?"

அதையும் அப்படியே சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கம்பவுண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மருந்து கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தார். வெளியே வந்ததும் அம்மா, வெள்ளை உடுப்பில் போய்வந்துகொண்டிருந்த ஒரு நர்ஸைக் காட்டி, "நீ பெரிய பள்ளிக்கூடம் போயி இந்த மாதிரி ஆகணும். நம்ம பொம்பளைங்களுக்கு இங்க பேச வாய் இல்ல, நீ இருந்தா வாய் கிடைச்ச மாதிரி" என்றாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. பெரிய பள்ளிக்கூடத்தின் சுவரோரமாகப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். மேசைகளுக்கு மூடி இருந்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே புத்தகம் வைத்துக்கொள்ளலாம். எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்தில் தரையில் பாய்தான்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். ஐந்தாம் வகுப்புக்குத்தான் பெரிய பள்ளிக்கூடம். அந்த மழைக்காலத்தில் எங்கள் தலைமை ஆசிரியை ஒரு விதி கொண்டுவந்தார். அவரை நாங்கள் பெரிய சயாமா என்போம். சயாமா என்றால் இங்கே டீச்சர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இதை வேறு யாராவது படித்தால் தெரிய வேண்டுமே என்று எழுதுகிறேன். வீட்டில் வேறு பாஷை பேசுகிற பிள்ளைகளுக்கு மழை முடிவதற்குள் பர்மாவில் ஒரு பேச்சுத் தேர்வு. அதில் தேறினால்தான் ஆண்டுத் தேர்வு எழுதலாம், ஐந்தாம் வகுப்புக்குப் போகலாம். தேறாவிட்டால் திரும்பவும் நான்காம் வகுப்பு.

வகுப்பில் அப்படி நாங்கள் ஏழு பேர். எல்லோரும் தமிழ் வீடுதான்.

அதே மழையில்தான் நோட்டு சயாமா வந்தார். ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த இளம் பெண். எங்களைப் போன்ற பிள்ளைகள் பர்மா பாஷையை எப்படிக் கற்றுக்கொள்கிறோம் என்று பார்த்து எழுத ஒரு பருவத்துக்கு எங்கள் வகுப்பில் உட்கார அனுப்பியிருந்தார்கள். கன்னத்தில் வட்டமாகத் தநாக்கா மரச்சாந்து, கறுப்புக் குடை, பழுப்புத் தாள் அட்டை போட்ட ஒரு நோட்டு. நோட்டில் நூல் கட்டி அதில் பென்சில் தொங்கும். பின்னால் சன்னலோரம் உட்காருவார். சாரல் அடித்தால் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார், தன் முதுகு நனைவது தெரியாது. எங்கள் ஏழு பேரில் யார் வாய் திறந்தாலும் நோட்டில் ஒரு கோடு போடுவார்.

என் பக்கத்தில் உட்காருகிறவள் கடைக்காரர் மகள். அவள் அத்தாவுக்குத் தாமுவே சந்தைக்குப் பின்னால் பலசரக்குக் கடை. அவள் பேசும் பர்மாவில் பாதி தப்பு. ஆனால் கடைசி வரிசைவரை கேட்கும் குரல். ஒருநாள் அவள் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"ஏ புள்ள, நான் நோட்டை எட்டிப் பாத்துட்டேன். எனக்கு ஒரு பக்கம் பூரா கோடு!"

"எனக்கு?"

"உனக்கு ஒண்ணே ஒண்ணு. அதும் நேத்து நீ தும்மினியே, அதுக்குப் போட்டிருப்பாங்க."

"நீ தப்புத் தப்பாப் பேசுறியே. அதுக்கும் கோடா?"

"தப்புக்குத் தனிக் கோடு ஏது? எங்க அத்தாவும் தப்பாத்தான் பேசறாங்க. சாமான் விக்காமலா இருக்கு?"

வகுப்பு முழுவதும் சேர்ந்து பாடம் சொல்லும்போது நான் நன்றாகச் சொல்வேன். எழுத்து வரிசை, பாட்டு, கணக்கு வாய்ப்பாடு எல்லாம். அப்போது குரல் யாருடையது என்று தெரியாது. தனியாக எழுப்பி, "நீ சொல்" என்றால் மட்டும் கால் பெருவிரல்தான் கண்ணுக்குத் தெரியும். பர்மாப் பிள்ளைகள் சிலர் "ஊமைக் கலாமலே" என்று கூப்பிடுவார்கள். கலாமலே என்றால் இந்தியச் சிறுமி. தெருவில் என்னோடு விளையாடிய பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை. அதனால் எனக்குச் சாட்சியும் இல்லை.

ஆடி மாதக் கடைசியாக இருக்கும். சந்தையில் அம்மா உலர்ந்த இறால் வாங்கிக்கொண்டிருந்தாள். வாங்குவது என்றால், அம்மா பேசுவாள், நான் சத்தம் போடுவேன். விற்கிற பெண் சளைத்தவள் இல்லை.

"இது இறால் இல்லை, இறாலோட நிழல்னு சொல்லு" என்றாள் அம்மா.

நான் பர்மாவில் சொன்னேன். விற்கிறவள் தொடையைத் தட்டிச் சிரித்தாள். "நிழலுக்கு இவ்வளவு பேரம் பேசுறீங்களே, இறாலா இருந்தா என் கடையையே கேப்பீங்க!" அதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மாவும் சிரித்துவிட்டாள். கடைசியில் அம்மா சொன்ன விலைக்கே கிடைத்தது.

திரும்பினால் கறுப்புக் குடை. அதன் கீழே நோட்டு சயாமா. எவ்வளவு நேரமாக நின்றாரோ. அன்று கையில் நோட்டு இல்லை. அவர் ஒரு விரலால் உள்ளங்கையில் கோடு போடுவதைப் பார்த்தேன். போட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூட நடையில் என்னை நிறுத்திக் குனிந்து, மகளே என்று பர்மாவில் கூப்பிட்டு மெல்லிய குரலில் கேட்டார். "தமீ, நேற்று அத்தனை அழகாகப் பேசினாயே. வகுப்பில் ஏன் பேசுவதில்லை?"

நான் பெருவிரலைப் பார்த்தேன். பதில் என் மனதில் இருந்தது, ஆனால் எந்தப் பாஷையில் இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நேற்று நான் பேசவே இல்லை. பேசினது அம்மா. எனக்கு வாய்தான் வலித்தது.

நோட்டு சயாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே ஒரு முடிவுக்கு வந்தார். "அம்மா பக்கத்தில் இருந்தால் உனக்குத் தைரியம் வருகிறது. இல்லையா? தேர்வன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. பெரிய சயாமாவிடம் நான் அனுமதி வாங்குகிறேன்." முகமெல்லாம் சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கே போனாலும் அம்மாவோடு போய்ப் பழகியவள் நான். இதற்கும் அம்மா வருவாள் என்றால் அப்புறம் என்ன பயம்.

இப்போது யோசித்தால், அவர் கண்டது சரிதான், அதற்கு அவர் வைத்துக்கொண்ட காரணம்தான் தப்பு. பார்த்ததை எல்லாம் எண்ணினார். யாருடைய பேச்சு என்று கேட்கவில்லை. சின்ன வயது, அவர் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

தேர்வன்று அம்மா கல்யாணப் புடவையை எடுத்து உடுத்தினாள். எனக்கு எண்ணெய் வைத்து இழுத்துச் சடை பின்னினாள். புருவம் இரண்டும் மேலே ஏறிவிட்டன. தெருவில் முழங்கால் தண்ணீர். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனோம். பள்ளிக்கூட வாசலில் காலைக் கழுவிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள் அம்மா. உள்ளே போகும்போது மறுபடி கழற்ற வேண்டியிருந்தது.

எனக்கு முன்னால் கடைக்காரர் மகள் போனாள். அவள் குரல் வெளியே கேட்டது. மாம்பழத்தைப் பற்றி ஏதோ தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டே போனாள், நிறுத்தவே இல்லை. வெளியே வந்து, "பாஸ்! சிரிச்சாங்க, பாஸ்னுட்டாங்க!" என்று என் தோளைக் குலுக்கினாள்.

பெரிய சயாமாவின் மேசை மேல் கண்ணாடி பதித்திருந்தது. அதன் கீழே பழைய படங்கள். ஒரு கோப்பையில் வெறும் தேநீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் நோட்டு சயாமா, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு ஒரு முக்காலி. அம்மாவுக்கு எனக்குப் பின்னால் இடப்பக்கம் ஒரு நாற்காலி. சந்தையிலும் மருந்துக்கூடத்திலும் அம்மா நிற்கும் இடம் அதுதான். எனக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகப் பட்டது.

பெரிய சயாமா பர்மாவில் கேட்டார். "உன் பெயர் என்ன?"

நான் அம்மா பக்கம் திரும்பினேன். "பேர் என்னன்னு கேக்குறாங்க."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னாள். நான் இந்தப் பக்கம் திரும்பி அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

பெரிய சயாமா ரெஜிஸ்தரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது இந்தப் பிள்ளை பெயர் இல்லையே."

"பயந்திருக்கிறாள், சயாமா. அடுத்ததைக் கேட்டுப் பாருங்கள்" என்றார் நோட்டு சயாமா.

"சரி. உனக்கு எந்தக் காலம் பிடிக்கும்? ஏன்?"

நான் திரும்பி அம்மாவிடம் கேட்டேன். அம்மா இதற்குக் கொஞ்சம் யோசித்தாள். அவளை அதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். "வெயில் காலந்தான் பிடிக்கும்னு சொல்லு. மழையில துணி காயறதில்ல. அரிசியில வண்டு விழுது. உங்கப்பாவுக்கு இருமல் வந்தா விடியுற வரைக்கும் நிக்காது. வெயில்ல இதெல்லாம் இல்ல, உடம்பு வேர்த்தாலும் மனசு காஞ்சு கிடக்கும்."

நான் ஒரு சொல் விடவில்லை. "எனக்கு வெயில் காலம்தான் பிடிக்கும். மழையில் துணி காய்வதில்லை. அரிசியில் வண்டு விழுகிறது. என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்தால் விடியும்வரை நிற்காது. வெயிலில் உடம்பு வேர்த்தாலும் மனசு உலர்ந்திருக்கும்."

பர்மாவில் அது அவ்வளவு வழுக்கிக்கொண்டு வந்தது எனக்கே ஆச்சரியம். சொல்லும்போதே நன்றாகச் சொல்கிறேன் என்று தெரிந்தது. தேறிவிட்டேன் என்றே நினைத்தேன்.

கதவருகில் நின்ற ஆயா, "ஒன்பது வயசுல வீட்டுக்காரரா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். நோட்டு சயாமா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. பெரிய சயாமாவும் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"கேள்வி பிள்ளைக்கு. அம்மா சொல்லிக்கொடுக்கிறார், பிள்ளை ஒப்பிக்கிறது. இதைக் கேட்கவா அம்மாவை உள்ளே விடச் சொன்னீர்கள்?" என்று நோட்டு சயாமாவைப் பார்த்துக் கேட்டார்.

அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் அம்மாவிடம் திரும்பினேன். "அம்மா சொல்லிக்கொடுக்குறாங்க, புள்ள ஒப்பிக்குதுங்குறாங்க."

"ஆமா, பின்ன எப்படி?" என்றாள் அம்மா.

ஒரு வாரம் கழித்துப் பெரிய சயாமா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆயா வந்து சொன்னபோது அப்பா கப்பலில் வேலையாக இருந்தார். நோட்டு சயாமாவின் பருவம் அதற்குள் முடிந்துவிட்டது. சன்னலோரத்து இடம் காலியாக இருந்தது. அவரை நான் அப்புறம் பார்க்கவில்லை. அந்த நோட்டில் என்னைப் பற்றி என்ன எழுதினார் என்றும் தெரியாது.

பெரிய சயாமா கெட்டவர் இல்லை. அம்மாவை உட்காரச் சொன்னார், தேநீர் ஊற்றிக்கொடுத்தார். என்னை நிற்க வைத்தார். ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி, நான் அம்மாவுக்குச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னார்.

"உங்கள் மகள் நல்ல பிள்ளை. ஆனால் எங்கள் பாஷையில் பேச அவளுக்குப் போதவில்லை."

சொன்னேன்.

"பெரிய பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடமும் எங்கள் பாஷையில்தான். அங்கே போனால் தடுமாறுவாள், மனம் உடைந்து போவாள்."

சொன்னேன்.

"இன்னும் ஒரு வருஷம் நான்காம் வகுப்பில் உட்காரலாம். இல்லை, வீட்டுக்கு உதவியாக நிறுத்திக்கொள்வதானாலும் உங்கள் இஷ்டம்."

சொன்னேன்.

"நீங்கள் ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம். வேண்டும் என்று நீங்கள் கேட்டால், நீங்கள் இல்லாமல் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கிறேன். கேட்க வேண்டியது நீங்கள்தான்."

அதையும் சொன்னேன். ஒரு சொல் குறையாமல்.

அம்மா தேநீர்க் கோப்பையை மேசை மேல் வைத்தாள். பெரிய சயாமாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அம்மா அப்படி என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. யாரோ தெரிந்த பெண்ணை வேறு ஊரில் பார்ப்பது போல.

"ஏன்டி, இவ்வளவு நேரம் அவங்க பேசினதை எனக்குச் சொன்னது யாரு?"

"நான்தாம்மா."

"ஆறு வயசுலேருந்து நான் பேசினதை இந்த ஊருக்கெல்லாம் சொன்னது?"

"நான்தான்."

"அப்ப அதைச் சொல்லு அவங்ககிட்ட. 'நீங்களும் நானும் இப்ப பேசிக்கிட்டிருக்கோமே, அது இந்தப் புள்ள வாயாலதான். பாஷை போதாத புள்ளைன்னா உங்க பேச்சு எனக்கு எப்படி வந்துச்சு? தப்பு என் மேலதான். பதில் சொல்ல வேண்டியது அவதான்னு எனக்குத் தெரியல. அவளுக்கும் தெரியல. நான் வெளியில போயி நிக்கிறேன், இன்னொரு தடவை அவளைக் கேளுங்க'. இதைச் சொல்லு."

பெரிய சயாமா என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

வார்த்தைகள் இல்லாமல் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை பர்மாவில் வரிசையாக வந்து நாக்கில் நின்றன. இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அதுவரை எந்தப் பேச்சிலும் நான் இருந்ததில்லை. இடுப்பு வலி அத்தையுடையது. இறால் அம்மாவுடையது. இதில் முதல் முதலாக, பேச்சு என்னைப் பற்றி. பாஷை தெரிந்தவள் நான்தான் என்று நானே ஒரு டீச்சர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க" என்றேன் பர்மாவில்.

பெரிய சயாமா அம்மாவைப் பார்த்து நிறைவாகச் சிரித்தார். ரெஜிஸ்தரை மூடினார். "புரிந்துகொள்கிற அம்மா" என்றார்.

அதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா எழுந்தாள்.

தெருவில் தண்ணீர் வடிந்து சேறாகக் கிடந்தது. அம்மா முன்னால் நடந்தாள். தெருமுனையில் நின்று என் பக்கம் திரும்பினாள். கோபமாகத் தெரியவில்லை. காதைத் திருகுவாள் என்று நான் கழுத்தைக் குறுக்கிக்கொண்டேன்.

"நான் அவ்வளவு சொன்னேன். அவங்க பாஷையில அது அத்தனூண்டுதானா?"

"ஆமாம்மா."

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, வா" என்றாள்.

நான் பள்ளிக்கூடம் போனது அவ்வளவுதான். அப்பா இன்னொரு வருஷம் நான்காம் வகுப்பில் உட்காரச் சொன்னார். எனக்குச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருந்தது. மாட்டேன் என்றேன். அதைத் தமிழில் சொன்னேன். கடைக்காரர் மகள் ஐந்துக்குப் போனாள், பத்துவரை படித்தாள் என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலை புளிச்சகீரைக்காரி வாசலில் கூப்பிட்டாள். நான் வழக்கம் போல எழுந்து போகப் போனேன். "நீ இரு" என்றாள் அம்மா. தானே போனாள். கீரைக்காரி என்னவோ கேட்டாள். அம்மா விரலைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், கடைசியில் ஒரு பர்மாச் சொல்லைத் தப்பாகச் சொன்னாள். கீரைக்காரி சிரித்துத் திருத்தினாள். அம்மா திருப்பிச் சொன்னாள், மறுபடியும் தப்பு. இரண்டு பேரும் சிரித்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குச் சரியான சொல் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அடுத்த மழைக்குள் அம்மா வீட்டுக்காரம்மாவோடு பர்மாவில் சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். உச்சரிப்பு கடைசிவரை சரியில்லை. அவளுக்கு யாரும் தேர்வு வைக்கவில்லை. அதற்குப் பிறகு வாயாக நிற்க என்னை அவள் எங்கும் கூப்பிடவில்லை.